டர்ன் வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளில் இரும்பு, எண்ணெய் போன்ற வளங்களுக்கு மதிப்பு கூட என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் அநேகமாக சிவிலைசேஷன் 6 என்கிற, நாடு கட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடிவிட்டு வந்திருக்கிறார். கஜானாவில் 50 இரும்பு நிறைந்து கிடக்கும், அதற்கு மேல் தோண்டுவதெல்லாம் வீணாகப் போகும், அதை வைத்து என்ன செய்வதென்றே தெரியாது. அந்தக் கடுப்பு எனக்கும் உண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பிரின்ஸ் லெவலைத் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்கும். டெய்ட்டியில், அதாவது ஆகக் கடினமான லெவலில், ஜெயிப்பவர்கள் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் இரும்பு இல்லாமல் அசிங்கப்பட்டவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

2013. நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல். நானும் அறைத்தோழனும் இரண்டு லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து சிவிலைசேஷன் 5 (சுருக்கமாக சிவி 5) ஆடுவோம். அன்றைக்கு நான் காந்தி, அதாவது இந்தியா. என் எல்லைக்குள் இரும்பு ஒரு பொட்டுகூட இல்லை. அவனுக்கோ இரண்டு சுரங்கம். டர்னுக்கு இவ்வளவு தங்கம் என்று பேசி அவனிடம் ஆறு இரும்பு வாங்கினேன். இந்த விளையாட்டில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் 30 டர்ன் ஓடும். ஆறு வாள் வீரர்களை உருவாக்கி, கம்ப்யூட்டர் ஆடிக்கொண்டிருந்த சீனாவின் மேல் ஏவிவிட்டேன்.

பெய்ஜிங் விழப்போகிறது. நகரத்தின் பலத்தைக் காட்டும் கோடு சிவப்பாகிக் கால்வாசிக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு டர்ன் போதும். அப்போது ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சிவி 5இல் படை உயிரோடு இருக்கும் வரை ஆளுக்கு ஒரு இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். வரத்து நின்றால் இருக்கிற படையின் சண்டை வலுவும் சேர்ந்து இறங்கிவிடும். ஆறு பேரும் ஒரே நொடியில் நோஞ்சான் ஆகிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அவன் கட்டிலில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறான். "முப்பது டர்ன் முடிஞ்சு போச்சு மக்கா. இனி புது ரேட்டு." மூன்று மடங்கு கேட்டான். கொடுக்க என்னிடம் இல்லை. பெய்ஜிங் இன்றுவரை விழவில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன், எதுவும் ஞாபகத்தில் இல்லை. இது மட்டும் இருக்கிறது. காரணம், இரும்பு அரிதாக இருந்தது என்பது அல்ல. ஏற்கெனவே என் கையில் இருந்த ஒன்றை இன்னொருவன் முறுக்கு தின்றுகொண்டே பிடுங்க முடிந்தது என்பதுதான். எனவே என் பதில் இதுதான்: வளம் என்பது ஒருமுறை திறந்தால் போதும் என்கிற பூட்டாக இருக்கக் கூடாது. தினமும் பால் ஊற்றுகிறவர் மாதிரி இருக்க வேண்டும். அவர் வராவிட்டால் காபி இல்லை.

சிவி 3, 4 இரண்டிலும் பூட்டுதான். ஒரே ஒரு இரும்பைச் சாலை போட்டு இணைத்துவிட்டால் நூறு வாள் வீரர் வரைக்கும் போகலாம். 3இல் ஒரு நல்ல விஷயம், சுரங்கம் திடீரென்று வற்றிவிடும். சிவி 6க்குக் கூடுதல் தொகுப்பாக 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் சேமிப்பு முறையைக் கொண்டுவந்தது. அதில் பாதி சரி, பாதி தப்பு. டாங்கி டர்னுக்கு ஒரு எண்ணெய் குடிக்கும், எண்ணெய் நின்றால் திண்டாட்டம், அருமை. ஆனால் வாள் வீரனுக்கு 20 இரும்பை ஒரே தடவை கொடுத்துவிட்டால் அவன் ஆயுள் முழுக்கச் சுதந்திரம். சுரங்கத்தையே எதிரி பிடித்தாலும் அவன் வாள் துருப்பிடிக்காது. என் நண்பன் இந்த விதியில் ஆடியிருந்தால் அவனுடைய முறுக்கு வியாபாரம் செல்லுபடியாகியிருக்காது. எல்லாப் படைக்கும் சின்னதாகவாவது தொடர் செலவு வைக்க வேண்டும். கையிருப்பு ஐந்தாறு டர்ன் தாங்கட்டும், ஆபத்து வருவது முன்கூட்டியே தெரியட்டும். அவ்வளவு போதும்.

"மேப்பில் இரும்பு விழாதவன் என்ன பாவம் செய்தான், அதிர்ஷ்டத்தை வைத்தா ஜெயிப்பது?" என்று ஒருவர் வருவார். நியாயம்தான். அதற்காக எல்லோர் வீட்டு வாசலிலும் இரும்பைக் கொட்டினால் யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 2025இல் வந்த சிவி 7 வேறு வழியில் போனது. இரும்பு இருந்தால் படைக்குக் கொஞ்சம் வலு கூடும், இல்லாவிட்டாலும் படை உண்டு. அதை ஏன் செய்தார்கள் என்று புரிகிறது, ஆனால் அதில் எனக்குக் கோபமே வரமாட்டேன் என்கிறது. நான் கேட்பது மூன்றாவது வழி. வளம் இல்லாதவனுக்கு மட்டமான, செலவு பிடித்த மாற்று ஒன்று இருக்க வேண்டும்.

நிஜத்தில் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், மலாயாவும் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து ஏறக்குறைய நின்றே போனது. அங்கே முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் டயர். பிறகு பெட்ரோலுக்கும் நாடு முழுக்க ரேஷன் போட்டார்கள், பெட்ரோல் இல்லாமல் அல்ல, டயர் தேயக் கூடாது என்று. மணிக்கு 35 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்று வேறு சட்டம். அப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டே பெரும் பணத்தைக் கொட்டிச் செயற்கை ரப்பர் ஆலைகள் கட்டினார்கள். இதையெல்லாம் ஒரு விளையாட்டில் வைத்தால் எப்படி இருக்கும்! சிவி 3இல் ரப்பர் இல்லையென்றால் இன்ஃபன்ட்ரியும் கிடையாது, டாங்கியும் கிடையாது, பழைய துப்பாக்கியோடு நின்று சாக வேண்டியதுதான்.

ரப்பரைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், எங்களுக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடிவதற்கு முன் அப்பா தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை. சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் அழுத்தி, புகை போட்டு ஷீட்டாக்கிக் கொண்டுபோனால், கடைக்காரர் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். "குமிழ் இருக்கு, நாலாம் தரத்து விலை தர முடியாது" என்பார். அதே ஷீட் அவர் குடோனை விட்டு வெளியே போகும்போது நாலாம் தரமாகிவிடும். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய சரக்கு, 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போனது. அன்றைக்கு அப்பா கத்தியைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு வாரம் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. எந்த விளையாட்டிலாவது ரப்பருக்கு இப்படி விலை ஏறி இறங்குகிறதா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த அறைத்தோழன் இப்போது துபாயில். போன வருடம் ஓணம் லீவுக்கு வந்தபோது மறுபடி உட்கார்ந்தோம், இந்தத் தடவை கேதரிங் ஸ்டார்ம். என் டாங்கிகள் பாதி வழியில் காய்ந்து நிற்கின்றன, அவனிடம் எண்ணெய் நிறைய. கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, "பதிலுக்கு ரப்பர் இருக்கா மக்கா?" என்றான். அந்த விளையாட்டில் ரப்பரே கிடையாது.