“நம்ம வக்கீல் பாத்துட்டார்” என்று புரோக்கர் சொன்னால் போதுமா?

கேள்வி: நான் தருமபுரியில் அரசுப் பள்ளி ஆசிரியை. கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு வீட்டை 46 லட்சத்துக்குப் பேசி, டோக்கனாக 50,000 கொடுத்திருக்கிறோம். விற்பவரின் அப்பா 1994-ல் வாங்கிய மனை. அவர் 2011-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இப்போது பட்டா மகன் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. வங்கியின் பேனல் வக்கீல் பார்த்து லோனும் சாங்ஷன் ஆகிவிட்டது. புரோக்கர், “நம்ம வக்கீலே பத்திரமும் எழுதிக் கொடுத்துடுவார்” என்கிறார். இதற்கு மேல் தனியாக ஒரு வக்கீல் தேவையா? வைப்பதென்றால் தருமபுரியிலா, கிருஷ்ணகிரியிலா?

பதில்: தேவைதான், டீச்சர். உங்கள் கடிதத்தில் அப்பா இருக்கிறார், மகன் இருக்கிறார். அம்மா எங்கே? அக்கா, தங்கை யாராவது உண்டா? இதை இதுவரை யாரும் உங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. உங்களுக்கென்று ஒரு வக்கீல் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்.

இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மற்ற மதத்தினருக்குக் கணக்கு வேறு. அப்பா தன் பணத்தில் வாங்கிய சொத்து, உயில் கிடையாது என்றால், அவர் இறந்த அன்றே அது மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பாகமாகப் போய்விட்டது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் இங்கே செல்லாது. மகன் பெயரில் பட்டா இருக்கிறதே என்பீர்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, கிரையப் பத்திரம் போல உரிமையைக் கைமாற்றும் ஆவணம் அல்ல. அம்மாவும் தங்கையும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் சம்மதக் கடிதம் கொடுத்து, அதை வைத்துப் பட்டா மாறியிருக்கலாம். அந்தக் கடிதத்தால் அவர்கள் பாகம் போய்விடாது. அதற்கு, பாகத்தை விட்டுக்கொடுத்து எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். சரிதான், சாவு வில்லங்கத்தில் ஏறாது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டு அது கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தாலும் வில்லங்கம் வெள்ளையாகவே இருக்கலாம்.

இன்னொரு ஆள் இருக்கிறார், பலரும் மறந்துவிடுவார்கள்: பாட்டி. 2011-ல் இறந்தவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சம பங்கு பெறுகிறவர். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், தாய் என்றால் ஆளுக்குக் கால் பாகம். பாட்டி அதற்கப்புறம் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அந்தக் கால் பாகத்தில் விற்பவரின் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பங்கு வந்துவிடும். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இதில்தான் மாட்டினார். குடிபோன நாலாவது வருஷம் அத்தை வழக்குப் போட்டார். வாரிசுச் சான்றை எடுத்துப் பார்த்தால் கடைசி வரியில் ‘தாய், வயது 78’ என்று தெளிவாக இருக்கிறது. மூன்று பேர் கைமாறிய காகிதம், ஒருவரும் அந்த வரியைப் படிக்கவில்லை.

அப்படியானால் பேனல் வக்கீல் என்ன பார்த்தார்? அவர் தப்பாகப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். கட்டணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகிறது, ஆனால் ஒப்பீனியன் (சொத்தின் உரிமை பற்றிய சட்டக் கருத்து) எழுதுவது வங்கிக்கு. ‘எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்’ என்று கடைசிப் பக்கத்தில் நிபந்தனை எழுதியிருந்தாலும் அது ஃபைலிலேயே தூங்கும். கிளைக்குப் போய் நகல் கேளுங்கள். முதல் வேலை அது. புரோக்கரின் வக்கீலைப் பற்றி ஒரே கேள்வி: கிரையம் முடிந்தால்தானே புரோக்கருக்குக் கமிஷன்? அவர் கூட்டிவந்த வக்கீல் “நிறுத்துங்கள்” என்று எப்படிச் சொல்வார்?

வக்கீலைக் கிருஷ்ணகிரியிலேயே பாருங்கள். சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது பற்றிய வழக்கு வரும். அந்த ஊர் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர், விற்பவர் பெயரில் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று சுலபமாகத் தேடிவிடுவார். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் போர்டையும் போனையும் பார்த்துத் தேட முடியாது. உங்கள் பள்ளியில் அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்களை விசாரியுங்கள். கிரிமினல் கேஸில் பேர் வாங்கியவர் இந்த வேலைக்கு வேண்டாம். சிவில் வழக்கு நடத்தும், பத்திரத்தைப் பொறுமையாகப் படிக்கும் ஆள் போதும்.

போனதும் கேளுங்கள்: விற்பவருக்கோ புரோக்கருக்கோ இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? எழுத்தில் ஒப்பீனியன் தருவீர்களா? கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒப்பீனியன் மட்டுமா, பத்திர வரைவைத் திருத்துவதும் பதிவு நாளன்று கூட வருவதும் சேர்த்தா என்பதையும்தான். “எல்லாம் க்ளீன்” என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார், எது அசல், எது ஜெராக்ஸ் என்று பட்டியல் போட்டுத் தர வேண்டும். 1994 பத்திரத்தின் அசலை அவர் கையில் வாங்கிப் பார்க்கட்டும். அது வேறெங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

நீங்களும் எதையும் மறைக்காதீர்கள். டோக்கன் ரசீது, புரோக்கர் சொன்ன கதை எல்லாம் அவர் மேஜைக்குப் போகட்டும். வில்லங்கம் எந்த வருஷத்திலிருந்து போட்டீர்கள் என்று எழுதவில்லை. குறைந்தது 30 வருஷம் வேண்டும். அப்பாவுக்கு விற்றவர் எப்படி வாங்கினார் என்பதும் தெரிய வேண்டும். பழைய பத்திரத்தில் ‘தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்’ என்று இருந்தால் பயப்படாதீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். 1965-க்கு முந்தையது என்றால் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். சார்பதிவாளர் அலுவலக எல்லை இடையில் மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் வில்லங்கம் தேட வேண்டும்.

மனைக்கு அங்கீகாரம் அல்லது வரன்முறை ஆணை (அங்கீகாரமில்லாத மனையைப் பிற்பாடு முறைப்படுத்தியது), வீட்டுக்குப் பிளான் அப்ரூவல், வரி ரசீது ஆகியவற்றையும் அவர் கேட்பார். அளவு மட்டும் வக்கீல் வேலை இல்லை, சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்துவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள எல்லோரும் கிரையப் பத்திரத்திலேயே விற்பவர்களாகக் கையெழுத்துப் போடட்டும். தனியாக விடுதலைப் பத்திரம் போடும் செலவு மிச்சம். பாட்டி பெயர் இருந்து, அவர் இப்போது உயிரோடு இல்லையென்றால் அவருடைய வாரிசுகளும் வர வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் போடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரியை உங்கள் வக்கீலே அதில் எழுதட்டும். “தங்கச்சி கையெழுத்தெல்லாம் வேண்டாம்” என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், அந்த 50,000-ஐத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வேறு வீடு பாருங்கள்.