மந்திரம் போட்டாலும் சீழ் பிடிக்கும்

வாசகர் கேள்வி – பதில்

மருத்துவத் துறையில் வேலை பார்த்தபடி இளையோருக்கு ஃபேன்டசி நாவல் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*என் நாவலில் 16 வயதுப் பெண்ணுக்குத் தொடையில் அம்பு தைக்கிறது. மருத்துவத் தப்பு ஒன்றும் இல்லாமல்தான் எழுதியிருக்கிறேன். படித்தவர்களோ நோயாளியின் கேஸ் ஷீட் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே கோளாறு?*
– அறுவை சிகிச்சை மருத்துவர், தருமபுரி

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறீர்கள். கதை நடப்பதோ கட்டிலில் கிடப்பவளுக்கு. தொடைத் தமனி எந்த வழியாக ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. கால் கனக்கிறது, பாவாடை ஈரமாகிறது, அவ்வளவுதான் தெரியும்.

உங்கள் படிப்பு வேண்டியது வேறு இடத்தில்: எது முதலில், எது பிறகு என்பதில். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் அரை லிட்டர் போனால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அவள் கேலிகூடப் பேசலாம். ஒரு லிட்டர் போனால் நாடி விரைகிறது, உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கிறது, தாகம், காரணமில்லாத பதற்றம். அதையும் தாண்டி ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது பேச்சு குழறி, எதிரில் நிற்பவரையே அடையாளம் தெரியாமல் போகும். இந்தக் கணக்கெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். கதையில் வரவேண்டியது, அவள் மூன்றாவது முறையாகத் தண்ணீர் கேட்பது.

இன்னொன்று. தோழன் ஓடிவந்து அம்பைப் பிடுங்கி எறிவது சினிமாப் பழக்கம். கிழிந்த ரத்தக்குழாயை அந்தத் தண்டுதான் தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கலாம். இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்து முனை உள்ளேயே தங்கிவிடவும் கூடும். 1403இல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி போரில் இப்படித்தான் ஆனது. பின்னாளில் ஐந்தாம் ஹென்றி என்று அரசாண்டவருக்கு அப்போது 16 வயது. முகத்தில் பாய்ந்த அம்பின் தண்டு வந்துவிட்டது, முனை ஆறு அங்குல ஆழத்தில் நின்றுவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் துணி சுற்றிய குச்சிகளைத் தேனில் தோய்த்து உள்ளே வைத்து, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினார். பிறகு இதற்கென்றே செய்த, திருகு வைத்த இடுக்கியால் முனையை எடுத்தார். புண்ணை ஒயினால் கழுவி, வாரக்கணக்கில் உள்ளிருந்து வெளியே ஆறவிட்டார். ஒரு மந்திரமும் இல்லாமலே இதில் ஓர் அத்தியாயம் கிடக்கிறது.

*என் கதையில் மருத்துவச்சி கை வைத்தால் எந்தக் காயமும் ஆறிவிடும். பாதிக்கு மேல் யாருக்கும் ஆபத்தே இல்லாமல் கதை படுத்துவிட்டது.*
– செவிலியர், தேனி

நீங்கள் தினமும் டிரெஸ்ஸிங் மாற்றும் புண்ணிடமே விதிகளைக் கேளுங்கள். காயம் ஒரே மூச்சில் ஆறுவதில்லை. நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாள் வீக்கமும் சூடும், உடம்பு உள்ளே கூட்டிப் பெருக்கும் வேலை. பிறகு இரண்டு மூன்று வாரம் புதுச் சதை வளர்கிறது. தழும்பு இறுக ஒரு வருடம்கூட ஆகும். முதல் வாரத் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எத்தனை வருடமானாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது.

இந்தக் கட்டங்களில் ஒன்றை மட்டும் மந்திரத்துக்குக் கொடுங்கள். உதாரணமாக, அவளால் தோலை மூட மட்டுமே முடியும். மண் புரண்ட காயத்தை அவள் அழகாக மூடுகிறாள், ஊரே கொண்டாடுகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல். மூடிய தோலுக்கு அடியில் சீழ் கோத்திருக்கிறது. அழுக்குக் காயத்தை உடனே தைக்காமல் மூன்று முதல் ஐந்து நாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடுவது ஏன் என்று வார்டில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தான் மூடியதைத் தானே கத்தியால் திறக்க வேண்டிய நிலை அந்த மருத்துவச்சிக்கு வரட்டும். படுத்த கதை எழுந்து உட்காரும்.

சதை வளர்க்கும் மந்திரமென்றால் அதற்குப் புரதம் எங்கிருந்து வருகிறது? குணமானவன் ஒரே இரவில் தோலும் எலும்புமாகிவிடலாம், அல்லது குணப்படுத்தியவள். முறிந்த தொடையெலும்பை மந்திரம் ஒட்டவைத்தாலும், வாரக்கணக்கில் படுத்துச் சூம்பிய தசை உடனே நடக்கவிடாது. மூன்றாம் நாளே குதிரையேறும் வீரர்கள் போதும், நிறையப் பார்த்தாகிவிட்டது.

மந்திரத்துக்குச் சரக்கு தேடி வெளியே அலையவும் வேண்டாம். கிழிந்த குடலின் விளிம்புகளைக் கருப்பெறும்புகளைக் கடிக்கவிட்டு இணைத்து, உடலைக் கிள்ளி எறிந்து தலையை மட்டும் தையலாக விட்டுவிடும் முறை சுசுருத சம்ஹிதை என்ற நம் பழைய மருத்துவ நூலிலேயே இருக்கிறது.

*நாயகி மூலிகை படித்தவள். எதிரிக்கு நஞ்சு கொடுக்கிறாள். உண்மையான செடியைச் சொல்லலாமா?*
– மருத்துவ மாணவர், திருநெல்வேலி

வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்கள் வாசகருக்கு 14, 15 வயது. அரளி நம் ஊரிலும் இலங்கையின் வடக்கிலும் எத்தனை வீடுகளை இருட்டாக்கியிருக்கிறது என்பதை அவசரப் பிரிவில் இனிப் பார்க்கப்போகிறீர்கள். செடியின் பெயர், எந்தப் பாகம், எவ்வளவு என்ற மூன்றும் அச்சில் சேர்ந்து வரக்கூடாது. பொய்ச் செடி ஒன்றை உண்டாக்குங்கள். ஆனால் அதற்கு ஒரே குணம் இருக்கட்டும். இரண்டாம் அத்தியாயத்தில் இதயத்தை மந்தமாக்கியது பத்தாம் அத்தியாயத்தில் மூச்சை அடைத்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். மாற்று மருந்து தொண்டையில் இறங்கியதும் எழுந்து உட்கார வைக்காதீர்கள். நஞ்சு முறிந்தாலும் அது ஏற்கெனவே செய்த சேதம் ஆறக் காலம் எடுக்கும்.

*என்னிடம் சிகிச்சை பெறும் 15 வயதுச் சிறுமியின் வாழ்க்கையை, பெயரை மாற்றி, ஒரு இளவரசியின் கதையாக்கலாமா?*
– குழந்தை நல மருத்துவர், கோவை

பெயரை மாற்றினால் போதாது. நோயாளி குறித்துத் தொழில்முறையில் அறிந்த ரகசியத்தை வெளியிடக்கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குப் பெரும் ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவைதான் விலக்கு. நாவல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெயரல்ல, சேர்க்கை: அபூர்வ நோய், இரட்டைப் பிறவி, அப்பாவின் தொழில், அவள் சொன்ன ஒரு வாக்கியம். அந்தச் சிறுமியே புத்தகத்தை எடுத்தால் தன்னைக் கண்டுபிடிப்பாளா என்று கேளுங்கள். அவளுடைய அம்மா? ஆம் என்றால் அழித்துவிட்டு எழுதுங்கள். மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் அலுப்பும், பள்ளிச் சுற்றுலாவுக்குப் போக முடியாத கோபமும் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, அதை எடுத்துக்கொள்ளலாம். அவளுடைய வாக்கியத்தைத் தொடாதீர்கள்.

*தலையில் ஓர் அடி, வில்லன் நான்கு மணி நேரம் மயக்கம், பிறகு நலம். சரியா?*
– பல் மருத்துவர், வேலூர்

இல்லை. சில நிமிடத்துக்கு மேல் நினைவு தப்பினாலே மூளைக் காயம் பற்றிக் கவலைப்பட வேண்டும். அதற்குப் பதில் வில்லனின் கையைக் கட்டி, வாயில் துணி திணித்து ஓர் அறையில் பூட்டிவிடுங்கள்.

*எவ்வளவு எழுத வேண்டும்? வாரம் மூன்று நைட் டியூட்டியில் எப்போது எழுதுவது? புனைபெயர் போடலாமா?*
– ஹவுஸ் சர்ஜன், சென்னை

ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் 70,000 சொல்லிலிருந்து ஒரு லட்சம் வரை போகின்றன. தமிழில் 50,000 போதும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பது நமக்கு ஒரே சொல். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு 220 சொல் என்றால் ஏறக்குறைய 230 பக்கம். அச்சகக் கணக்கில் 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் 15 பாரத்துக்குள் அடங்கும். செலவு பாரக் கணக்கில் ஏறும். பதிப்பாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

வாரம் மூன்று முறை, முறைக்கு 400 சொல் எழுதினால் சுமார் 42 வாரத்தில் முதல் வரைவு கையில் இருக்கும். டியூட்டி முடிந்த காலையில் புதுக் காட்சி எழுதாதீர்கள். எழுதினால் எல்லாப் பாத்திரமும் தூங்கி வழியும். அப்போது கணக்குப்பிள்ளை வேலை பாருங்கள்: பயண நாட்கள், நிலாவின் பிறை, யாருக்கு எந்தக் கையில் காயம். இடது கைத் தழும்பு ஆறு அத்தியாயம் தாண்டி வலது கைக்கு நகர்வது ஃபேன்டசியில் சர்வ சாதாரணம்.

புனைபெயர் போடலாம். பதிப்புரிமை போகாது, ஒப்பந்தத்தில் சொந்தப் பெயர் இருக்கட்டும். அட்டையில் ‘டாக்டர்’ மட்டும் வேண்டாம். நீட் தேர்வுப் புத்தகம் என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடுவார்கள்.