தூண்டிலும் ஆறும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: மீனைப் பிடிப்பவர்களே ஆற்றைக் காக்கிறோம் என்கிறார்கள். வேடிக்கையாக இல்லையா?

பதில்: கொஞ்சம் வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு கெட்டால் முதலில் தெரிவது தூண்டில் போடுபவனுக்குத்தான். பிரிட்டனில் 1948-ல், ஆற்றைக் கெடுப்பவர்கள் மேல் வழக்குப் போடுவதற்கென்றே தூண்டிற்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் டார்பி நகரத்து மீன்பிடிக் கழகம் டெர்வென்ட் ஆற்றுக்காக நீதிமன்றம் போனது. எதிரே இருந்தவர்கள் ஒரு ரசாயன ஆலை, சாக்கடையை விட்ட மாநகராட்சி, சூடான நீரை விட்ட மின்வாரியம். கழகம் ஜெயித்தது. அமெரிக்காவில் 1966-ல் ஹட்சன் ஆற்று மீனவர்கள் கூடி ஆரம்பித்த சங்கம்தான் பின்னால் ரிவர்கீப்பர் என்ற ஆற்றுக் காவல் அமைப்பு ஆனது.

கேள்வி: சார், விடியற்காலையில் போனால் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உடனே விஷம் என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசி, இரவில் மீனோடு போட்டி போட்டு அதையே இழுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். ஆக்சிஜன் போதாமல் வரும் சாவில் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் போகும். சின்னவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பட்டப்பகலில், சிறிசு பெரிசு பார்க்காமல், நத்தை இறாலோடு சேர்ந்து செத்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாக்கடை கலந்தாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆகவே விடியற்காலைச் சாவு என்பதால் யார் மேலும் தப்பில்லை என்றும் ஆகிவிடாது.

நேரத்தைக் குறியுங்கள், படம் எடுங்கள். அப்புறம் கரையோடு மேல்நோக்கி நடங்கள். செத்த மீன் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதற்கு மேலே உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முக்கியமான தடயம். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து ஐஸில் வையுங்கள். நீங்கள் பிடித்த தண்ணீர் வழக்கில் நிற்காமல் போகலாம், ஆனால் அதிகாரியைக் கரைக்கு வரவழைக்க உதவும். அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், மறுநாள் தண்ணீர் அங்கே இருக்காது. வெறுங்கையால் எதையும் தொட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பிறகு என்ன கவலை?

பதில்: பூச்சிமருந்து கலந்த தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆற்றின் அடித்தரையில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃபிளை என்கிற சிறகுப் பூச்சியின் தண்ணீரில் வளரும் இளம்பூச்சிகள், மணலால் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள் இருந்தால் நல்ல சேதி. சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் யோசிக்க வேண்டும், ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். பிரிட்டனில் தூண்டிற்காரர்கள் மாதாமாதம் ஒரே இடத்தில், மூன்று நிமிடம் காலால் தரையைக் கிளறி, வலையில் விழும் எட்டு வகைப் பூச்சி, சிற்றுயிர்களை எண்ணுகிறார்கள். போன மாதம் நூறு, இந்த மாதம் ஐந்து என்றால், இடையில் ஏதோ வந்து போயிருக்கிறது. சோதனைச்சாலைக்கு அனுப்பும் ஒரு பாட்டில் அந்த நிமிடத்தை மட்டும் சொல்லும். பூச்சி கடந்த சில வாரங்களைச் சொல்லும். எனக்குக் கருவிகளைவிட இதன்மேல்தான் நம்பிக்கை.

கேள்வி: மிச்சமான உயிர் இரையை ஆற்றிலேயே விட்டுவிடலாமா? பாவம்தானே?

பதில்: விடாதீர்கள். வேறு நீர்நிலையிலிருந்து வந்த குஞ்சு மீன் நோயையும் கொண்டுவரும், இங்கேயே பெருகவும் செய்யும். கரையில் மண்புழுவைக் கொட்டுவதுகூடச் சில இடங்களில் தப்பு. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த பகுதிகளின் காடுகளில் இயற்கையாக மண்புழுவே கிடையாது. தூண்டிற்காரர்கள் வீசிய புழுக்களும் சேர்ந்துதான் அங்கே தரையின் இலைமெத்தையைத் தின்று தீர்க்கின்றன. நம்மைப் போன்ற ஆட்கள்தான், என்ன செய்வது!

கேள்வி: தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு, அறுந்த தங்கூசி (தூண்டில் நூல்), இவற்றை என்ன செய்வது?

பதில்: ஈயத்தை அன்னங்கள் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிச் செத்ததால், பிரிட்டன் 1987-ல் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையை நிறுத்தியது. வேறு உலோகத்துக்கு மாறுங்கள். தங்கூசியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அதில் விளக்க ஒன்றுமில்லை.

கேள்வி: அண்ணா, எங்கள் பக்கம் சங்கம் எதுவும் கிடையாது. நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

பதில்: ஒரு நோட்டு வாங்குங்கள் தம்பி. போகிற ஒவ்வொரு நாளும் தேதி, நேரம், தண்ணீரின் நிறம், வாசனை, வெப்பம், என்ன மீன், எத்தனை என்று எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள், நாம் வழக்கமாக மறைப்பது அதைத்தான். "முன்னெல்லாம் நிறைய மீன் இருந்தது" என்று புகார் கொடுத்தால் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடத்து நோட்டை மேசைமேல் வைத்தால் உட்காரச் சொல்வார்கள்.