அடிமை இருந்தவை எண்டா ஆர் வைச்சிருந்தது?

வணக்கம் அண்ணா,

நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில வரலாறு படிப்பிக்கிறன். போன கிழமை எங்கட நூலகத்தில கிடந்த பழைய உலக வரலாற்றுப் பாடப்புத்தகம் ஒண்டை வைச்சு அடிமை வியாபாரம் பற்றிச் சொன்னனான். கப்பல் படம், ஆபிரிக்கா, பருத்தித் தோட்டம், லிங்கன், அதோட பாடம் முடிஞ்சுது. ஒரு பெடியன் எழும்பி “ரீச்சர், எங்கட பக்கத்திலயும் அடிமையள் இருந்தவையோ?” எண்டு கேட்டான். வகுப்பில எல்லாச் சாதிப் பிள்ளையளும் இருக்கினம், நான் இல்லையெண்டு சொல்லிட்டன். எங்களுக்கு நடந்த அழிவையே ஒரு புத்தகத்திலயும் ஒழுங்காப் போடேல்ல, அதுக்குள்ள எங்கட குப்பையை நாங்களே ஏன் கிளறுவான் எண்டும் இருக்கு. இந்த வயசுப் பிள்ளையளுக்கு இதெல்லாம் எந்தளவுக்குச் சொல்லலாம்? சோதினைக்கும் வராது. நேரம் இருந்தா எழுதுங்கோ.

---

அன்புள்ள தங்கச்சி,

உங்கட கடிதம் வரேக்க நானும் இதுக்குள்ளதான் கிடந்தனான். போன மாசம் ஒரு காணி அலுவல், பங்காளியிட்டக் கேக்காம வெளியாளுக்கு விக்கலாமோ எண்டு நொத்தாரிசு தேசவழமையை, யாழ்ப்பாணத்துத் தமிழற்ற பழைய வழக்கச் சட்டத்தை, இழுக்க, வீட்ட வந்து அதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சனான். சீதனம், ஈடு, நன்கொடை எல்லாம் வருது, அதே புத்தகத்தில ஆண் அடிமை பெண் அடிமை எண்டு ஒரு முழுப் பகுதியும் வருது. அடிமைப் பகுதி இப்ப செல்லாது, ஆனா இண்டைக்கும் கோட்டில எடுக்கிற எங்கட சட்டம் தங்கச்சி அது.

வயசுக் கேள்வியை விடுங்கோ, பெடியன் கேட்டிட்டான், பிறகென்ன. சோதினைக்கு வராதுதான், அதையும் விடுங்கோ.

ஆனா “எங்கட குப்பை” எண்டு எழுதியிருக்கிறீங்கள் பாருங்கோ, அதை விடமாட்டன். ஆற்ற குப்பை? அந்தப் பெடியன்ர பூட்டின்ர பூட்டியை ஆரும் சீதனமாக் குடுத்திருந்தா அது அவன் மறைக்கவேண்டிய சங்கதியோ? நீங்கள் இல்லையெண்டு சொன்னது பிள்ளையளைக் காப்பாத்த எண்டு நினைக்கிறீங்கள், நல்ல மனசுதான், எனக்கு விளங்குது, ஆனா நீங்கள் காப்பாத்தினது வைச்சிருந்தவையை.

கனக்க நாட்டுப் பாடப்புத்தகத்தில இதுதான் நடக்குது. அடிமையைக் காட்டுவினம், சங்கிலியைக் காட்டுவினம், கடைசியில விடுதலை குடுத்த பெரிய மனிசனைக் காட்டுவினம், காசு குடுத்து வாங்கினவன் மட்டும் ஒரு பக்கத்திலயும் இருக்கமாட்டான். இருந்தாலும் நல்லவனா இருப்பான். அமெரிக்காவில வேர்ஜீனியா மாநிலத்தில 1957 இல வந்த ஒரு சரித்திரப் பாடப்புத்தகத்தில ஒரு படம், கப்பல் தட்டில நல்ல உடுப்புப் போட்ட ஆபிரிக்கக் குடும்பம், தகப்பன் வெள்ளைக்காரனுக்குக் கை குடுக்கிறான், கலியாண வீட்டுக்கு வந்திறங்கின ஆக்கள் மாதிரி. அதைப் பாத்து எத்தினை பிள்ளையள் வளந்திருக்கும். 1833 இல பிரித்தானியா அடிமைமுறையை ஒழிச்சது எண்டு படிப்பிக்கிறம், அதுக்குக் குடுத்த 2 கோடி பவுண் நட்டஈடு வைச்சிருந்தவைக்குப் போனது, அடிமையா இருந்த சனத்துக்கு ஒரு சதமும் இல்ல எண்டு படிப்பிக்கிறமோ? அந்தச் சட்டம் இலங்கையைத் தொடவுமில்ல. இஞ்ச 1844 இலதான் முடிஞ்சுது.

கப்பல் படம் வேணுமெண்டா எங்கட கடலிலயே இருக்கு. 1659 – 61 இல தஞ்சாவூர்ப் பக்கம் படையெடுப்பும் பஞ்சமும், சனம் சாப்பாட்டுக்குத் தன்னையும் பிள்ளையளையும் வித்தது, ஒல்லாந்துக் கொம்பனி நாகபட்டினத்திலயும் பழவேற்காட்டிலயும் 8,000 – 10,000 பேரை வாங்கிப் பெரும்பங்கை இலங்கைக்கு அனுப்பினது. தமிழ் பேசின சனம்.

இனித் தேசவழமை. 1707 இல ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக் எண்ட யாழ்ப்பாணத்துத் திசாவை, அவையின்ர அதிகாரி, தொகுத்தது, 12 தமிழ் முதலியார்மார் (சாதியில்ல, அது பதவிப் பேர்) வாசிச்சுப் பாத்து எங்கட வழக்கம் இதுதான், சரி எண்டு ஒப்புக்கொண்டது. உங்கட பிள்ளையளுக்கு 1803 இல வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் இங்கிலீசுக்காரனிட்டத் தோத்தது பாடம், கற்சிலைமடுவில கல்லு நிக்குது. அதுக்கு மூண்டு வருசம் கழிச்சு 1806 இல இங்கிலீசுக்காரன் இந்தத் தேசவழமையைச் சட்டமாக்கினது ஏன் பாடமில்ல? அதில இருக்கு, ஒருத்தன்ர அடிமை இன்னொருத்தன்ர அடிமைப் பொம்பிளையைக் கட்டினா பிறக்கிற பிள்ளையள் தாயை வைச்சிருக்கிறவனுக்குச் சொந்தம். அதாலதான் 1821 இல பெட்டைக் குழந்தையளைப் பிறக்கேக்கயே விடுவிக்கச் சட்டம் போட்டவை, தாய்வழி அறுந்தா மிச்சம் தானா அறும் எண்டு. அதுக்கும் சொந்தக்காரனுக்குத் தலைக்கு ரெண்டு மூண்டு றிக்ஸ்டொலர், அந்தக் காலத்துக் காசு. சாதிப் பேர் நான் இதில எழுதேல்ல, நீங்களும் கரும்பலகையில எழுதத் தேவையில்ல. முதலியார்மாரைச் சொல்லுங்கோ, றிக்ஸ்டொலரைச் சொல்லுங்கோ, காசு ஆற்ற கைக்குப் போனது எண்டு சொல்லுங்கோ, அப்ப வகுப்பில ஆர் தலை குனியிறது எண்டு பாப்பம்.

2009 தொடக்கத்தில, கடைசிச் சண்டை நேரம், முல்லைத்தீவுக் கடற்கரையில மாத்தளனில இருந்தம். பக்கத்துத் தறப்பாளில ஒரு ஐயா, உடுப்புப் பையையும் விட்டிட்டுக் காணி உறுதிப் பையை மட்டும் கிளிநொச்சியில இருந்து காவிக்கொண்டு வந்தவர். மழையில நனைஞ்சு போச்சு, மணலில ஒவ்வொரு தாளா விரிச்சுச் சிப்பியைப் பாரம் வைச்சுக் காயவிட்டவர், கண்ணாடி உடைஞ்சதால என்னை வாசிக்கச் சொன்னார். அதில ஒண்டு ஏட்டில இருந்து ஆரோ பாத்தெழுதின கொப்பித்தாள், வயல் இத்தினை பரப்பு, பனை இத்தினை, செம்புக்குடம் ஒண்டு, பிறகு ஒரு பொம்பிளையின்ர பேர், அவளும் பெட்டையள் ரெண்டும் எண்டு கிடந்தது. நான் அதையும் வாசிக்க, ஐயா டக்கெண்டு என்ர கையைப் பிடிச்சு “அதை விட்டிட்டு அங்கால வாசி தம்பி” எண்டார், மெல்லமா, அடுத்த தறப்பாளுக்குக் கேக்காம. செல் விழுந்துகொண்டிருக்கு தங்கச்சி, நாளைக்கு இருப்பமோ தெரியாது, அந்த நேரத்திலயும் அந்த ஒரு வரி வெளிய போகப்படாது. தாளைக் கிழிக்கவும் இல்ல, மடிச்சுத் திருப்பிப் பையுக்க வைச்சார்.

மலையகச் சனம் இந்தியாவில இருந்து வந்து மன்னாரில இறங்கி வன்னிக் காட்டுக்குள்ளால நடந்து கோப்பித் தோட்டத்துக்குப் போனது வேற கதை, அவை சட்டப்படி அடிமையள் இல்ல, கடனால கட்டி வைச்ச ஆக்கள். ரெண்டையும் கலக்காதேங்கோ, அதுக்குத் தனியா ஒரு நாள் எடுங்கோ, உங்கட வகுப்பில அந்தப் பிள்ளையளும் இருக்கும்.

எங்களுக்கு நடந்ததைப் புத்தகத்தில போடேல்ல எண்ட கோவம் எனக்கும் இருக்கு. போடச்சொல்லி ஆரைக் கேக்கிறமோ அவையும் இதைத்தானே சொல்லினம், முடிஞ்சதை ஏன் கிளறுவான், பிள்ளையள் ஒற்றுமையா இருக்கட்டும் எண்டு. அதே கதையை ஒரு வன்னி ரீச்சர் எனக்கு எழுதினதுதான் சுட்டது. கோவிக்காதேங்கோ, கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான், மனசு சரியில்லாமத்தான் எழுதியிருக்கிறீங்கள்.

அந்தப் பெடியனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லாதேங்கோ. இல்லையெண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள், இருந்தது எண்டும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. தேசவழமையில அந்தப் பகுதியைப் போட்டோக்கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன், எங்க அனுப்பிறது எண்டு எழுதுங்கோ.