முப்பது வருடக் கணக்கை நம்பிக் கழிவுநீர்த் திட்டத்துக்குக் கையெழுத்திடலாமா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள ஓர் உள்ளூராட்சிச் சபைக்கு முதன்முறையாகத் தெரிவான வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பிரிவு முழுவதற்கும் குழாய் பதித்து, கழிவுநீரை ஓரிடத்தில் சுத்திகரிக்கும் திட்ட அறிக்கை மேசைக்கு வந்துள்ளது. முப்பது வருடத்தில் சனத்தொகை இரட்டிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்குப் பிழைத்தால் சுமை யார் தலையில்? ஏற்பதா, தள்ளுவதா?"

இரண்டும் வேண்டாம், ஐயா. கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும்படி திருப்பி அனுப்புங்கள். சுமை சபையின் தலையில்தான் விழும் என்ற உங்கள் பயம் நியாயமானது.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2012இல் அது 6 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. 1981இல் யாராவது முப்பது வருடக் கணக்குப் போட்டுக் குழாய் புதைத்திருந்தால், புலம்பெயர்ந்து போனவர்களுக்காகப் புதைத்ததாகவே அது முடிந்திருக்கும். இன்றும் உங்கள் ஒழுங்கையில் எத்தனை மாடிவீடுகள் பூட்டிக் கிடந்து, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் திறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே எத்தனை பேர் வருவார்கள் என்று வாதிடுவதைவிட, எதிர்பார்த்தவர்கள் வராவிட்டால் எந்த வேலையைப் பாதியில் நட்டமின்றி நிறுத்தலாம் என்று கேட்பதே பயன் தரும்.

காணியை இப்போதே முழு அளவில் ஒதுக்குங்கள், பிறகு கிடைக்காது. குழாய்ச் செலவில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் கிடங்கு வெட்டுவதற்கே போகிறது என்பதால், பிரதான குழாயை ஓரளவு பெரிதாகப் போடுவதில் பெரிய நட்டம் இல்லை. பம்பிகளும் சுத்திகரிப்புத் தொட்டிகளும் அப்படியல்ல. அவை பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் பழுதாகும். பாதி வீடுகளே இணைந்தாலும் மின்கட்டணம் பாதியாகாது. அவற்றை இன்றைய வீடுகளுக்கு அளவாகக் கட்டி, பக்கத்தில் இன்னொன்று கட்ட இடம் விட்டால் போதும்.

மலமும் நீரும் கலந்து ஓடும் வழக்கமான குழாயில் அடைப்பு வராதிருக்க 200 மீற்றருக்கு 1 மீற்றர் அளவில் சரிவு வேண்டும் என்று வையுங்கள். ஒரு கிலோமீற்றர் போனதும் குழாய் தொடங்கிய இடத்தைவிட 5 மீற்றர் கீழே நிற்கும். நமது தட்டையான நிலத்தில் அது கல்லுக்குள்ளும், கார்த்திகை மாரியில் பல இடங்களில் நிலத்தடி நீருக்குள்ளும் நிற்கும் ஆழம். மூட்டுகளால் உள்ளே கசியும் நல்ல நீரையும் சேர்த்து இறைத்துச் சுத்திகரிக்கச் சபை பணம் கட்ட வேண்டியிருக்கும். இதற்கு மாற்று, வீட்டுக்கு வீடு அடி கட்டிய, கசியாத தொட்டியில் மண்டியை நிறுத்தி, தெளிந்த நீரை மட்டும் சிறு குழாயில் ஆழமின்றிக் கொண்டுபோவது. தென் அவுஸ்திரேலியாவின் சிறு பட்டினங்கள் 1960களிலிருந்து இப்படித்தான் செய்கின்றன. இதற்கு மண்டியை உறிஞ்சி ஏற்றிச் செல்லும் தாங்கி வண்டிகளான கலி பவுசர்கள் ஒழுங்காக ஓடுவதும், அவை கொட்டுவதற்கு ஒரு சுத்திகரிப்பு இடம் இருப்பதும் அவசியம்; அந்த இடமே உங்கள் முதற்கட்டமாக இருக்கட்டும். இரவில் எந்த வெறும் வளவில் பவுசர் கொட்டுகிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், அதைப் பதிவு செய்ய ஒரு புத்தகம்கூட இல்லாத நிலையில் கோடிக்கணக்கில் குழாய் பற்றிப் பேசுகிறோம்.

இனி எச்சரிக்கை. திட்டச் செலவில் இத்தனை வீதம் என்று கட்டணம் வாங்கும் ஆலோசகர் சிறிய திட்டத்தை ஏன் வரைவார்? தொகையைத் தெளிவாக நிர்ணயித்துக் கொடுங்கள். அவருக்குப் பின்னால், "பெட்டியாக வரும், வைத்ததும் ஓடும்" என்று சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் முகவர் நிற்பார். அன்பளிப்பாக வந்த அப்படியொரு பெட்டியை ஒரு பொதுக் கட்டிடத்தின் பின்புறத்தில் பார்த்தேன்: காற்றூதியின் பட்டி அறுந்து, மூடிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. உதிரிப்பாகம் கேட்டு மூன்று கடிதம் எழுதியதாகக் காவலாளி சொன்னார். வாங்குவதற்கு நிதி தருபவர்கள் பட்டி மாற்றுவதற்குத் தருவதில்லை. கிணறெல்லாம் தெளிந்துவிடும் என்றும் அந்த முகவர் சொல்வார், நம்பாதீர்கள். கிணற்று நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நைத்திரேற்று என்ற உப்பு மலக்குழியிலிருந்து மட்டுமன்றி வெங்காயத் தோட்டத்து யூரியாவிலிருந்தும் வருகிறது. உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

மேலே சொன்ன பொறுமைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பரப்புக் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) காணியில் இரண்டு வீடு, ஒரு கிணறு, இரண்டு மலக்குழி என்று நெருங்கிய குடியிருப்பு உங்கள் பிரிவில் இருந்தால், அங்கே ஆட்கள் கூடுவார்களா குறைவார்களா என்று பார்த்திருக்கத் தேவையில்லை. இருப்பவர்கள் பாதியானாலும் குழாய் வேண்டும். யாழ் நகரின் கரையோரத்துக் குருநகர், நாவாந்துறை போன்ற இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கரையோரம் என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை இதில் சேர்க்க வேண்டாம். கரையிலும் ஐந்து பரப்பு வளவுகள் உண்டு. கரையை விட்டு உள்ளே இருக்கிறது என்பதற்காக விலக்கவும் வேண்டாம். சந்தையை அண்டிய கடைத்தொடர்களும் இப்படித்தான். வீட்டுக்கொரு தொட்டி வைக்க இடமும் பவுசர் நுழைய வழியும் உண்டா என்பதே அளவுகோல். இரண்டும் இல்லையென்றால், பத்து வீட்டுக்கு ஒன்றாக ஒழுங்கை முகப்பில் பொதுத்தொட்டி கட்டி, அதுவரை குறுகிய குழாய் பதிக்கலாம். அந்தத் தொட்டியைத் துப்புரவாக்கும் பொறுப்பைச் சபை எழுத்தில் ஏற்க வேண்டும். பத்து வீட்டாரிடம் விட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாதி வீடுகளே இணைந்தால் ஒரு வீட்டின் மாதக் கட்டணம் எவ்வளவு? மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கியும் ஓடாத நாளில் கழிவுநீர் எங்கே வழியும்? இரண்டாவதற்கு வாயால் பதில் வேண்டாம். வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.