ஊசி போட்ட இரவில் காய்ச்சல் ஏன்?

கேள்வி: ஒன்றரை வயது மகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்ட அன்றிரவே காய்ச்சல். "ஊசியே நோயைக் கொடுத்துவிட்டது. தானாக வந்துபோகும் நோய் தரும் எதிர்ப்புச் சக்திதான் நிலைக்கும்" என்கிறார் மாமியார். ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்?

பதில்: அந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை, சகோதரி. தொண்டை அடைப்பான், ரண ஜன்னிக் கிருமிகளின் நச்சு, வீரியம் நீக்கப்பட்டு அதில் இருக்கிறது. கூடவே கொல்லப்பட்ட கக்குவான் கிருமி அல்லது அதன் துண்டுகள். இவற்றால் நோயை உண்டாக்க முடியாது. அந்நியப் பொருளைக் கண்ட வெள்ளணுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்கள்தாம் உடல் சூட்டை ஏற்றுகின்றன. காய்ச்சலே வராத குழந்தைக்கும் ஊசி வேலை செய்யும். அதை நினைத்துக் கவலைப்படுபவர்களும் உண்டு!

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781-க்குப் பிறகு 1846-ல்தான் தட்டம்மை மீண்டும் பரவியது. 65 ஆண்டுகளுக்கு முன் அம்மை கண்டிருந்த முதியவர்களை அது தொடவில்லை என்று டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் பதிவு செய்தார். ஆனால் அதே ஆண்டு, சுமார் 7,800 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் ஏறக்குறைய 6,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். இயற்கை வாங்கும் விலை அது. போதாக்குறைக்குத் தட்டம்மை, மற்றக் கிருமிகளைப் பற்றி உடல் சேர்த்துவைத்த நினைவையும் அழித்துவிடுகிறது. ரண ஜன்னியில் அந்தப் பாதி உண்மையும் இல்லை. உயிரைக் குடிக்கும் அளவு நச்சுகூட எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாது. எனவே பிழைத்து எழுந்தவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.

இனித் தவணை விஷயம். முதல் ஊசிக்குப் பின் எதிர்ப்புப் புரதம் உருவாக ஓரிரு வாரம் பிடிக்கும். பிறகு அது மெல்லக் குறையும். ஆனால் அதைச் சுரக்கக் கற்ற அணுக்களில் சில, நினைவணுக்களாகத் தங்கிவிடுகின்றன. அடுத்த தவணையில் அவை சில நாள்களிலேயே பெருகி, முன்பைவிட இறுக்கமாகப் பற்றும் புரதங்களைத் தருகின்றன. இந்த அணுக்கள் தேறுவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் தவணைகளுக்கு இடையே அவ்வளவு இடைவெளி. தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணைக்குக் காரணம் வேறு: முதல் ஊசி பிடிக்காமல்போன சில குழந்தைகளுக்கு அது இன்னொரு வாய்ப்பு.

இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் குழந்தை ஓயாமல் அழுதாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த தவணைக்கு முன்பும் இந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள், அவரே நேரில் கேட்கட்டும்.