பென்ஷன் துறையில் எழுத்து வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பி.ஏ. தமிழ் இறுதியாண்டு படிக்கிறேன். பென்ஷன் நிறுவனங்களில் தகவல் தொடர்பு வேலை கிடைக்குமா? (மன்னார்குடி வாசகர்)

கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரிலேயே விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்.பி.எஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கணக்குகளைப் பராமரிக்கும் புரோட்டீன், கேஃபின்டெக், கேம்ஸ் போன்ற நிறுவனங்கள், அந்தப் பணத்தை முதலீடு செய்யும் நிதி மேலாண்மை நிறுவனங்கள், வங்கிகள் என்று எங்கே வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இடம் கிடைத்தாலும் போய்ச் சேருங்கள். ஒரு வருஷம் புகார்களைப் படித்துப் பதில் எழுதினாலே, மக்கள் எந்த வரியில் தடுக்கி விழுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பென்ஷன் விதிகளைச் சொல்லும் அரசுச் சுற்றறிக்கையை முழுசாகப் படிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்.

எந்தத் தேர்வு எழுதலாம்? (கும்பகோணம்)

பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம் நடத்தும் 17-ஆம் வரிசைத் தேர்வு. ஓய்வூதிய ஆலோசகருக்கானது, அடிப்படை எல்லாம் அதிலேயே வந்துவிடும். பி.எஃப் பணத்தை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ-வின் அமலாக்க அலுவலர் தேர்வை யு.பி.எஸ்.சி நடத்துகிறது. நல்ல வேலை, ஆனால் எழுத்து வேலை அல்ல.

பி.எஃப், பென்ஷன், என்.பி.எஸ் எல்லாம் ஒன்றுதானே சார்? எதில் சேரலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா, வயசு, படிப்பு, வேலையா முதலீடா, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? மூன்றும் ஒன்றல்ல. வீட்டில் யாருடைய பி.எஃப் பாஸ்புக்கையாவது வாங்கிப் பாருங்கள். முதலாளி பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு மாதம் சுமார் 1,250 ரூபாய், பென்ஷனுக்கென்று தனிப் பத்தியில் போயிருக்கும். அந்தப் பென்ஷன் சம்பளத்தையும் சர்வீஸையும் வைத்துக் கணக்கிடுவது. என்.பி.எஸ்-இல் சேரும் தொகை சந்தையைப் பொறுத்தது. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு மறுபடி எழுதுங்கள்.

நாகப்பட்டினத்தில் ஒரு இ-சேவை மையத்துக்கு வாட்ஸ்அப் செய்தி எழுதித் தருகிறேன். “அனைத்து ஓய்வூதியர்களும் நவம்பர் 30-க்குள் உயிர்வாழ் சான்று தர வேண்டும். தவறினால் பென்ஷன் உடனே நிறுத்தப்படும். கீழே உள்ள லிங்கைத் தொடவும்” என்று எழுதினேன். கூட்டம் நன்றாக வந்தது. என் எழுத்து எப்படி? (நாகை வாசகி)

கூட்டம் வந்தது பயத்தில், அம்மா. அதுதான் எனக்குக் கவலை.

முதலில் தகவலே தப்பு. நவம்பர் மாதம் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு. அவர்களிலும் 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இ.பி.எஸ், அதாவது பி.எஃப் கணக்கோடு சேர்ந்த பென்ஷன் வாங்குபவர் வருஷத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நம் மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணல், அவர்கள் ஓய்வு பெற்ற மாதத்தில். ஆக, உங்கள் “அனைத்து” என்ற சொல்லை நம்பி, வர வேண்டிய அவசியமே இல்லாத எத்தனை பெரியவர்கள் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றிருப்பார்கள்?

இரண்டாவது இன்னும் மோசம். பென்ஷன் பணத்தைத் திருடுகிறவன் என்ன சொல்கிறான்? உடனே செய், இல்லாவிட்டால் நின்றுவிடும், இந்த லிங்கைத் தொடு, ஓ.டி.பி சொல்லு. உங்கள் செய்தியும் அதே நடையில்தான் இருக்கிறது. நல்ல செய்தியும் திருட்டுச் செய்தியும் ஒரே மாதிரி இருந்தால், எழுபது வயது மனிதர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? இப்படி எழுதி எழுதி, லிங்கைத் தொடும் பழக்கத்தை நாமே அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். பெரிய நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை.

பென்ஷன் செய்தியில் மூன்று விஷயம் போதும்: எந்தத் தேதி, என்ன காகிதம், எந்த இடம். ஆதார், பி.பி.ஓ எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும் எண்), வங்கிப் புத்தகம், ஆதாரோடு இணைந்த போன், இவற்றை எடுத்து வரச் சொல்லுங்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்றைப் பதிந்து தருவார் என்று எழுதுங்கள். கைரேகைக்குப் பதில் போனில் முகம் காட்டிப் பதியும் வசதி 2021-லிருந்தே இருக்கிறது, அதையும் சேருங்கள். நாற்று நட்டு, வலை இழுத்துக் கைரேகை தேய்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. கட்டை விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைப்பார்கள், பச்சை விளக்கு எரியாது. அவர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி! கடைசியில், “போனில் யார் ஓ.டி.பி கேட்டாலும் சொல்லாதீர்கள்” என்று போடுங்கள். லிங்க் வேண்டவே வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வங்கிக்காக அடல் பென்ஷன் (மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம்) பற்றிக் கிராமங்களில் பேசுகிறேன். “மாசா மாசம் கட்ட முடியாது” என்று எழுந்து போய்விடுகிறார்கள். (வங்கி முகவர்)

நியாயமாகத்தான் போகிறார்கள். கையில் காசு வருவது குறுவை, சம்பா அறுவடையை ஒட்டித்தானே? அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் வசதி அந்தத் திட்டத்தில் இருக்கிறது, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சுற்றறிக்கையைப் படித்தீர்களா என்று உங்களையும் கேட்கிறேன்.

வயசு 22. “கிழவர்களுக்கு எழுதுகிற வேலை” என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். (மயிலாடுதுறை)

மாதம் 5,000 ரூபாய் பென்ஷனுக்கு அடல் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்தால் மாதம் கட்ட வேண்டியது 210 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 1,454. நீங்கள் எழுத வேண்டியதே அந்த நண்பர்களுக்குத்தான், தம்பி.

ஆங்கிலம் சுமார். பாதகமா? (திருவாரூர்)

சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வரும், படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது வேண்டும். பேச்சு பிறகு வரும்.

நேர்முகத் தேர்வுக்கு என்ன மாதிரிப் படைப்புகள் கொண்டு போவது? (தஞ்சாவூர்)

கவிதை, கட்டுரைப் போட்டிச் சான்றிதழ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பத்து வருஷ சர்வீஸ் முடித்தவர் 58 வயதில் பி.எஃப் பென்ஷன் கேட்கும் 10டி படிவத்தை எப்படிக் கொடுப்பது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கணவரை இழந்த பெண் குடும்பப் பென்ஷன் கேட்க என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று ஒரு பக்கம். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பி.எஃப் கணக்கில் வேறு மாதிரி இருப்பவருக்கு ஒரு பதில் கடிதம். மூன்றிலும் தேதி, காகிதம், இடம் இருக்கட்டும். எழுதியதைத் தெருவில் பென்ஷன் வாங்கும் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் எங்கே நிறுத்திக் கேட்டாரோ அந்த இடத்தைத் திருத்தி எடுத்துப் போங்கள்.